முடி மாத்திரையும் குறைந்து வந்த டிஎஸ்எச்சும்

கோத்தகிரியில் பார்த்ததில் அம்மாவுக்கு டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 0.05 என்று மிகக் குறைவு, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம். ஆனால் படபடப்போ எடைக்குறைவோ இல்லை, முடி உதிர்வுக்கு தினமும் 10 மி.கி. பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த மாத்திரை மேல்தான் சந்தேகம்.

பல கருவிகளில் டிஎஸ்எச்சைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தோடு பயோட்டின் கோத்திருக்கும். அது பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணியில் ஒட்டினால்தான் ஒளி பதிவாகும். இரத்தத்தில் உள்ள பயோட்டின் முந்தி இடம்பிடித்தால் ஹார்மோன் கழுவலோடு போய்விடும், எண் இறங்கும். ஃப்ரீ டி4 முறை நேரெதிர்: ஒளி குறைந்தால் எண் ஏறும். ரிப்போர்ட் அச்சு அசலாக ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அதிகமாகச் சுரப்பது) மாதிரியே வரும்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு பயோட்டினை மூன்று நாள் நிறுத்தி, அதே லேபில் மறுபடி பாருங்க. சாம்பிள் கோவைக்குப் போகிறதென்றால், அங்குள்ள கருவி பயோட்டினைப் பயன்படுத்தும் முறையா என்று கேளுங்க. தைராக்சின் (தைராய்டு மாத்திரை) சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக அளவைக் குறைச்சிடாதீங்க. மல்டிவைட்டமினிலும் பயோட்டின் இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்க.