பேர்ணில் பதிந்த வடிவம் வடுஸில் செல்லுமா?

கேள்வி: சுவிஸ் புக்ஸ் நகரில் இருக்கிறேன். குத்துவிளக்குச் சாயலில் ஒரு மேசை விளக்கு வடிவமைத்து, 8 மாதங்களுக்கு முன் பேர்ணில் பதிவுக்குக் கொடுத்தேன். பதிவும் கிடைத்தது. கொடுத்த வாரமே விற்பனையும் தொடங்கினேன். இப்போது ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லிக்டன்ஸ்டைனின் ஷான் ஊரில் ஒரு கடை அதையே நகலெடுத்து விற்கிறது. என் பதிவை வைத்து நிறுத்த முடியுமா?

பதில்: அந்தக் கடையில் விற்பதை உங்கள் சுவிஸ் பதிவு தடுக்காது. ஆனால் கை கட்டி உட்கார வேண்டியதும் இல்லை.

உங்களைப் போலப் பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். லிக்டன்ஸ்டைன் வெறும் 160 சதுர கிலோமீட்டர். அங்கே புழங்குவதும் சுவிஸ் பிராங்க்தான். 1924 முதல் சுங்க எல்லையும் ஒன்றே. காப்புரிமையிலும், 1978இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, இரு நாடும் ஒரே பிரதேசம். வடிவமைப்பு அப்படி இல்லை. அதற்கு 2002இல் இயற்றிய தனிச் சட்டமும், தலைநகர் வடுஸில் தனிப் பதிவேடும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியப் பதிவு வைத்திருந்தாலும் இங்கே பயன்படாது. லிக்டன்ஸ்டைன் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறதே தவிர, ஒன்றியத்தில் இல்லை.

இனி காலக்கெடு. பேர்ண் விண்ணப்பத் தேதியை முன்னுரிமையாகக் கோர, அதாவது வடுஸ் விண்ணப்பத்துக்கும் அதே தேதியைக் கணக்கில் எடுக்கச் சொல்ல, 6 மாதம்தான் அவகாசம், அது போய்விட்டது. ஆனால் வடிவமைத்தவரே பொருளை வெளியிட்டிருந்தால், அதிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால், பதிவுக்குத் தேவையான புதுமை கெடாது. ஆக உங்களுக்கு இன்னும் சுமார் 4 மாதம் இருக்கிறது. கடைசி வாரம்வரை இழுக்காதீர்கள், ஏனென்றால் உரிமை தொடங்குவது வடுஸ் விண்ணப்பத் தேதியிலிருந்துதான். அதற்கு முன் விற்றதற்கு இந்தப் பதிவை வைத்து இழப்பீடு கேட்க முடியாது.

ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் வடிவமைப்பைப் பதிய உதவும் ஹேக் அமைப்பிலும், ஜெனீவா வழியாகப் பதியலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள பதிவில் ஒரு நாட்டைப் பின்னால் சேர்க்கும் வசதி அதில் இல்லை. புதிதாகவே போட வேண்டும், அடிப்படைக் கட்டணமே 400 பிராங்கை ஒட்டி வரும். ஒரே ஒரு நாட்டுக்கு, அதுவும் அவசரத்தில், வடுஸில் நேரடியாகப் பதிவதே மேல் என்பேன். முதலில் 5 ஆண்டு, புதுப்பித்தால் மொத்தம் 25 ஆண்டு. அடுத்த வடிவத்துக்கு மட்டும் தொடக்கத்திலேயே ஹேக் வழியாக இரு நாட்டையும் சேர்த்துக் குறியுங்கள்.

விண்ணப்பப் படங்களில் கவனம் தேவை. குத்துவிளக்கின் பொது உருவம் யாருக்கும் சொந்தமில்லை. தண்டின் வளைவு, தட்டு பொருந்தும் விதம் என நீங்கள் புதிதாகச் செய்தது எதுவோ, அது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். புதுமை உண்டா என்று அலுவலகம் சோதித்துப் பார்த்துப் பதிவதில்லை. சண்டை வந்தால் நீதிமன்றத்தில்தான் அந்தக் கேள்வி எழும்.

இதற்கிடையே, சுவிஸ் பதிவையும் சும்மா விடாதீர்கள். அந்த நகல் எங்கே தயாராகிறது, எங்கே கிடங்கில் இருக்கிறது என்று விசாரியுங்கள். சுவிஸ் மண்ணில் தயாரித்தாலோ, வைத்திருந்தாலோ, அங்கிருந்து ஏற்றுமதி செய்தாலோ இப்போதே உரிமை மீறல்தான். கடை சுவிஸ் முகவரிகளுக்கு அனுப்புகிறது என்றால் ஒன்றை வரவழைத்து, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். கடைக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் வடுஸில் விண்ணப்பம் போட்ட பிறகு போகட்டும், அதையும் அங்குள்ள வழக்கறிஞர் எழுதட்டும். பதிப்புரிமை, நேர்மையற்ற போட்டிக்கு எதிரான சட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.