அடைமழைக்கு முன் சினைமாட்டுத் தொழுவில் என்ன வேலை?

அம்பாசமுத்திரம் பக்கம் ஐந்து கலப்பினச் சினைமாடுகள், கார்த்திகையில் ஈனும், என்ன ஏற்பாடு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தொழுவின் தரை. நாலடிக்கு ஓரங்குலம் வாட்டம் இருந்தால்தான் மூத்திரமும் சாரலும் தேங்காது. ஈரத்தில் படுக்கிற மாட்டுக்கு மடிநோய் சீக்கிரம் வரும். வைக்கோல் படப்பைக் கல் அடுக்கி உயர்த்திப் போட்டுத் தார்ப்பாயால் மூடுங்கள். பூசணம் பிடித்ததைத் தின்றால் கன்று வீசிவிடலாம், அதாவது கரு கலைந்துவிடலாம்.

சினைக்காலம் சுமார் 280 நாள். ஈனுவதற்கு 60 நாள் முன்பே பாலை வற்ற விடுங்கள்.

கன்று விழுந்ததும் மூக்கு, வாய்ச் சளியைத் துடைத்து, தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முக்குங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலை நிறுத்தி வைக்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் கன்றின் குடல் உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறையும். ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போகணும். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் குறைந்தது மூன்று லிட்டர், பிரித்துக் கொடுங்கள்.

நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால் இழுக்காதீர்கள், கல்லும் கட்டாதீர்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். ஈன்ற மூன்று நாளுக்குள் காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடந்தால், அது ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சல். கால்சியத்தை மருத்துவர்தான் மெதுவாக ஏற்றணும்; வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.