கத்திரி வெயிலில் சென்னை: மாமியாருக்குப் பூங்கா, குழந்தைகளுக்குக் கடைத்தெரு

கேள்வி: எங்கள் ஊர் தேனி. ஜூன் மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஜவுளி எடுப்பதற்காக மே இரண்டாவது வாரம் மேற்கு மாம்பலத்தில் நாத்தனார் வீட்டில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். மாமியாருக்கு வயது 71, முழங்கால் வலி உண்டு. வீட்டில் செம்பருத்தி, கனகாம்பரம் என்று செடி வைத்துப் பார்த்துக்கொள்பவர். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஏழு. போன முறை இதே மாதம் போனபோது காலையிலிருந்து சாயங்காலம் வரை தி.நகரிலேயே சுற்றினோம். மாமியார் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் ஒரே அழுகை. இந்த முறை கடையோடு இரண்டு மூன்று பூங்காவும் காட்டலாம் என்று எனக்கு ஆசை. என் கணவரோ, "இந்த வெயிலில் பூங்காவா? பேசாமல் மாலுக்குப் போங்கள்" என்கிறார். மாமியார், "நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன், எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்" என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சகோதரி, மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேத்தி கல்யாணத்துப் புடவையை அவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாமா? "எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று பெரியவர்கள் சொன்னால், போன முறை எல்லோருக்கும் பாரமாகிவிட்டோமே என்ற சங்கடம் இன்னும் மனதில் இருக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் போக்குங்கள். அன்று அவர் தலைசுற்றி உட்கார்ந்ததற்கு அவர் வயதைக் குறை சொல்ல முடியாது. மே மாதத்து மத்தியானத்தில் தி.நகரில் நடந்தால் இருபது வயதுப் பிள்ளைக்கும் அதுதான் நடக்கும்.

தேனிக்காரர்களுக்கு வெயில் புதிதில்லை. ஆனால் சென்னை வெயிலில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடலோர ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சுலபத்தில் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் உங்கள் ஊரில் தாங்கிய அதே வெயில் இங்கே இரண்டு மடங்காக வாட்டும். மே மாதம் முக்கால்வாசியும் கத்திரி வெயில் வேறு. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது.

இந்த ஊரைக் காப்பாற்றுவது கடற்காற்று. காலையில் தரை சீக்கிரம் சூடாகிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைக்கு மேலே உள்ள சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். மேற்கிலிருந்து அனல்காற்று பலமாக வீசுகிற நாட்களில் கடற்காற்று உள்ளே நுழையவே மத்தியானம் தாண்டிவிடும். அது வருகிற வரைக்கும் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கடலை ஒட்டிய மயிலாப்பூருக்கு அது முதலில் வரும். உள்ளே தள்ளியிருக்கும் மாம்பலம், அண்ணா நகருக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும்.

ஆகவே உங்கள் ஐந்து நாளையும் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காலை பதினோரு மணிக்கு மேல் சாயங்காலம் நாலரை வரை தெருவில் யாரும் நடக்கக் கூடாது. வீட்டில் சாப்பிட்டுப் படுத்துத் தூங்குங்கள். 'இவ்வளவு தூரம் வந்து தூங்குவதா' என்று தோன்றும். பரவாயில்லை, தூங்குங்கள். காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம். மாமியாருக்கு இரண்டில் ஒன்று மட்டும் போதும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருநாள் மத்தியானம் பிள்ளைகள் வீட்டில் அடங்காவிட்டால் மாலுக்குப் போய் ஏசியில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். அதோடு சரி. மாலில் உங்கள் மாமியாருக்குப் பார்க்க எதுவும் இல்லை.

இனி ஜவுளி. தி.நகருக்கு ஞாயிற்றுக்கிழமையும், வார நாட்களில் சாயங்காலமும் வேண்டவே வேண்டாம். செவ்வாயோ புதனோ காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் கூட்டம் இருக்காது. விற்பனையாளர்களும் களைப்பில்லாமல் பொறுமையாக எடுத்துப் போடுவார்கள். மாமியாருக்கு ஒரு நாற்காலி கேட்டால் உடனே கிடைக்கும். எந்தக் கடை என்பதை முதல்நாள் இரவே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு கடைக்கு மேல் ஏறாதீர்கள். முகூர்த்தப் புடவையை முதலில் எடுங்கள், மற்றவர்களுக்கு எடுப்பது அப்புறம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, முக்கியமான புடவைக்கு வரும்போது கண்ணும் காலும் சோர்ந்து கிடப்பார்கள்.

புடவையின் நிறத்தைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளை விளக்கில் அரக்கு ஒருமாதிரி தெரியும், மஞ்சள் விளக்கில் வேறு மாதிரி. மயில்கழுத்து நிறம் இன்னும் ஏமாற்றும். பிடித்த இரண்டு மூன்றைத் தனியாக எடுத்து வைத்து, "வாசல் வெளிச்சத்தில் பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள், ஒரு ஆளைக் கூட அனுப்புவார்கள். வெளிச்சத்தில் முந்தியைப் பிரித்து, பார்டரும் உடலும் சேருகிற இடத்தைத் திருப்பிப் பாருங்கள். பார்டரையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வைப் புடவையானால் அந்த இடத்தில் இரண்டு நிற நூலும் ஒன்றோடொன்று கோத்து நிற்பது பின்பக்கம் தெளிவாகத் தெரியும். அசல் பட்டு என்பதைக் காட்டும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு உங்கள் மாமியாரின் கண்தான் உங்களுக்குத் துணை. எத்தனை கல்யாணப் புடவை பார்த்த கண்!

மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகருக்கு ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். 2023இல் திறந்த ஆகாய நடைபாலம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை போகிறது. நீளம் ஏறத்தாழ 570 மீட்டர். ரங்கநாதன் தெரு நெரிசலுக்குத் தப்பிக்க அருமையான வழி. பிள்ளைகளுக்கு மேலிருந்து தெருவைப் பார்ப்பதே வேடிக்கையாக இருக்கும். முழங்கால் வலியோடு அந்தத் தூரம் நடக்க முடியாது. மாமியாரை ஆட்டோவில் துரைசாமி சுரங்கப்பாதை வழியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலிலேயே இறக்கிவிடுங்கள். ரங்கநாதன் தெருவுக்குள் அவரைக் கூட்டிப்போகவே வேண்டாம். பாத்திரம், பை, பிள்ளைகளுக்கு உடுப்பு என்று அங்கே ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் நீங்களும் நாத்தனாரும் மட்டும் ஒருநாள் காலையில் போய்வாருங்கள்.

தி.நகரில் ஒரு ஆறுதல் உண்டு. 1920களில் ஏரியாகக் கிடந்த நிலத்தைத் தூர்த்து இந்தப் பகுதியை அமைத்தபோது, நடுவில் ஒரு பூங்காவை வைத்து அதைச் சுற்றித்தான் சாலைகளைப் போட்டார்கள். அதுதான் பனகல் பூங்கா. நீதிக்கட்சி ஆட்சியில் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயர் அதற்கு. இன்று அதைச் சுற்றிலும் பட்டுக்கடைகள். மெட்ரோ ரயில் வேலை அங்கே நிறைய இடத்தை எடுத்துக்கொண்டதால் அதை நம்பிப் போக வேண்டாம். வெங்கட்நாராயணா சாலையில் இருக்கும் நடேசன் பூங்காவுக்குப் போங்கள். பெரிய மரங்கள், உட்கார பெஞ்சுகள். புடவை எடுத்த கையோடு வீட்டுக்குப் போய்விட்டு, இன்னொரு நாள் சாயங்காலம் மாமியாரையும் மகனையும் உங்கள் கணவரோடு அங்கே உட்காரவைத்துவிட்டு, நீங்களும் மகளும் பாண்டி பஜாருக்குப் போகலாம்.

பாண்டி பஜாரை மகளுக்காக ஒதுக்குங்கள். 2019 கடைசியில் அந்தச் சாலையின் நடைபாதையை அகலமாக்கி, கல் இருக்கைகள் போட்டுவிட்டார்கள். வண்டி இடிக்குமோ என்ற பயமில்லாமல் நடக்கலாம். ஐந்தரைக்கு மேல் போங்கள். கம்மல், வளையல், கிளிப், கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு செருப்பு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? கையில் ஒரு தொகையைக் கொடுத்து, அதற்குள் அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். பேரம் பேசவும் கற்றுக்கொள்வாள்.

மாமியாருக்கு நான் முதலில் சொல்வது செம்மொழிப் பூங்கா. கதீட்ரல் சாலையில், அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம். 2010 நவம்பரில் பூங்காவாகத் திறந்தார்கள். பழைய மரங்களை அப்படியே வைத்துக்கொண்டதால் வயதான மரங்களின் நிழல் கிடைக்கிறது. சாயங்காலம் நாலரைக்கு உள்ளே போங்கள். தோட்டக்கலைத் துறை பராமரிப்பது என்பதால் செடிகளில் பல ரகம் பார்க்கலாம். மூலிகைப் பகுதி உண்டு, தாமரைக் குளம் உண்டு, தொட்டியில் வளர்த்த போன்சாய் மரங்கள் உண்டு. இதைச் 'சுற்றிப் பார்த்து முடிக்க' நினைக்காதீர்கள். செடி வளர்க்கிறவர்கள் ஒரு செடி முன்னால் நின்றால் நகர மாட்டார்கள். இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், மண் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் என்பார்கள். அவரை அப்படி நிற்க விடுங்கள். பூங்காவில் பாதியைப் பார்க்காமல் திரும்பினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. எதிர்ப்புறமே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா இருக்கிறது. கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் ஜிப்லைன் எல்லாம் அங்கே உண்டு. அப்பா பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகட்டும். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதால், எதில் ஏறுவது என்று போகும்போதே பேசிவிடுங்கள்.

மயிலாப்பூரை ஒரு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறரை மணிக்கு லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவனத்தைத் தொடங்கிய நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயர். சின்னப் பூங்காதான். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், பேட்மிண்டன் ஆடுகிறவர்கள், பெஞ்சில் அரசியல் பேசும் பெரியவர்கள் என்று அந்த நேரத்தில் களைகட்டியிருக்கும். உங்கள் மாமியார் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் பக்கத்தில் இருக்கிற அம்மாவிடம் முழங்காலுக்கு என்ன தைலம் என்று பேச ஆரம்பித்துவிடுவார், பாருங்கள். அப்புறம் டிபன். அங்கிருந்து ஆட்டோவில் கபாலீஸ்வரர் கோயில், மாட வீதி. மெட்ரோ வேலையால் அந்தப் பக்கம் பாதைகள் மாறிக்கொண்டிருக்கின்றன, கொஞ்சம் சுற்றித்தான் போவார்கள். தெற்கு மாட வீதியில் காய்கறி விற்பவர்கள் தரையிலேயே பரப்பியிருப்பார்கள். வாழைநாரில் மல்லிகை கட்டும் பெண்களின் விரல் போகிற வேகத்தை உங்கள் மகன் நின்று பார்ப்பான். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு, தாம்பாளம், குங்குமச்சிமிழ் வாங்க வேண்டுமானால் இங்கேயே வாங்கலாம். பத்தரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

மகனுக்குக் கிண்டி சிறுவர் பூங்கா. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. அங்கிருந்து ஆட்டோ. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள். ஒட்டியே இருக்கும் தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர் காடு. ஊருக்கு நடுவே வெளிமானும் புள்ளிமானும் வாழும் காடு. பக்கத்திலேயே 1972இல் தொடங்கிய பாம்புப் பண்ணை. ஏழு வயதுப் பையன் அங்கிருந்து கிளம்பவே மாட்டான். திறந்ததும் உள்ளே போனால் பதினோரு மணிக்குள் பார்த்துவிடலாம். இதற்கு மாமியார் வர வேண்டாம், நிறைய நடை.

அண்ணா நகர் டவர் பூங்காவுக்கு அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் நேராக அண்ணா நகர் டவர் நிலையத்தில் இறங்கலாம். குளுகுளுவென்று உட்கார்ந்து போகலாம், நிலையங்களில் லிஃப்டும் உண்டு. கோயம்பேடு தாண்டியதும் ரயில் மேலிருந்து பூமிக்குள் இறங்கும்போது பிள்ளைகளை ஜன்னல் பக்கம் நிறுத்துங்கள். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் அது, உயரம் 135 அடி. பல வருடம் ஏற விடாமல் மூடியிருந்து 2023இல் திறந்தார்கள். மகளும் அப்பாவும் ஏறட்டும். நீங்களும் மாமியாரும் கீழே மர நிழலில் காற்று வாங்குங்கள்.

அடையாறு ஆலமரம், சவுகார்பேட்டை இரண்டையும் இந்த முறை விட்டுவிடுங்கள். ஆலமரத்துக்குப் பிரம்மஞான சபைக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அனுமதியும் இல்லை. சவுகார்பேட்டையில் விலை மலிவுதான். அந்தக் குறுகிய தெருக்களில் மே மாதத்தில் குழந்தைகளோடு போவது வதை. தாம்பூலப் பைக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கும் மொத்தமாக வாங்கியே ஆக வேண்டும் என்றால், உங்கள் கணவர் மட்டும் வார நாளில் காலையில் மண்ணடி மெட்ரோவில் இறங்கிப் போய்வரட்டும்.

எங்கே போனாலும் மாமியாருக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். தண்ணீர், உப்புப் போட்ட மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கழிப்பறை தேட வேண்டுமே என்று பல பெண்கள் வெளியே வந்தால் தண்ணீரே குடிப்பதில்லை. போன முறை தலைசுற்றியதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பெரிய ஜவுளிக்கடைகளில் கழிப்பறை இருக்கும், உள்ளே நுழைந்ததும் எந்த மாடி என்று விசாரித்து வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, இளநீர் குடிக்கலாமா என்று கிளம்பும் முன் தேனியிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மறுபடி தலை சுற்றினால் நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். பேச்சு குழறினாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ உடனே 108.