ஈஸ்ட் பாட்டிலை இரவில் மூடலாமா?

கேள்வி: செடிகள் வளர்க்கும் 60 லிட்டர் மீன் தொட்டிக்கு, சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து கரியமில வாயு பாட்டில் ஒன்று செய்து வைத்தேன். முதல் மூன்று நாள் குமிழி கொட்டியது, அப்புறம் குறைந்துவிட்டது. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. இரவில் மட்டும் குழாயைக் கிளிப் போட்டு அடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சர்க்கரை இருக்கும்வரை ஈஸ்ட் வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். வழியை அடைத்தால் அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், குழாய் பிடுங்கிக்கொள்ளும், பாட்டிலே வெடிக்கவும் கூடும். கண்ணாடி பாட்டிலைத் தொடவே வேண்டாம். சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் இதற்குச் சரி.

விளக்கு அணைந்ததும் செடிகள் கரியமில வாயுவை எடுப்பதில்லை. மீன்களைப் போலவே ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. பாட்டிலோ ஓய்வதில்லை. அதனால் விளக்கு அணையும் நேரத்தில் ஏர் பம்ப் ஓடும்படி டைமர் வையுங்கள். நீர்ப்பரப்பு கலங்கினால் மிஞ்சிய வாயு வெளியேறிவிடும், ஆக்சிஜனும் கரையும். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

குமிழி சீக்கிரம் அடங்கியதற்கு, ஈஸ்ட்டைத் தாராளமாகப் போட்டதுதான் காரணமாக இருக்கும். 2 லிட்டர் பாட்டிலுக்கு 2 கப் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட் போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்; சுடுநீரில் ஈஸ்ட் செத்துவிடும். நுரை பொங்க மேலே கால்வாசி இடம் விடுங்கள். மெதுவாகத் தொடங்கினாலும் இரண்டு வாரம் போல ஓடும். ஆல்கஹால் சேரச் சேர ஈஸ்ட் சோர்ந்துபோவதைத் தடுக்க முடியாது. ஒரு வார இடைவெளியில் இரண்டாவது பாட்டிலையும் இணைத்தால் ஏற்ற இறக்கம் குறையும்.

மூடியில் குழாயைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, குழாய் முனையைச் சாய்வாக வெட்டி, குறடால் இழுத்துப் பாருங்கள். பசை இல்லாமலே இறுகிக்கொள்ளும். சிலிக்கான் குழாய் இந்த வாயுவைக் கசியவிடும், பாலியூரித்தேன் குழாய் நல்லது. ஈஸ்ட் பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில் ஒன்று இருந்தால் பொங்கும் நுரை அதிலேயே தங்கிவிடும். தொட்டி நீர் பின்னோக்கி இறங்காமலிருக்க செக் வால்வு கட்டாயம்.

இரவில் நிறுத்தியே தீர வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்ந்த முறைக்கு மாறுங்கள். ஆனால் அதற்கு அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு, வாயுவின் ஓட்டத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வு உள்ள கிட் வேண்டும். வெறும் மூடியில் முயலாதீர்கள்.

எந்த முறையானாலும், தொட்டி நீரில் கரியமில வாயு எவ்வளவு என்பதை உள்ளிருக்கும் திரவத்தின் நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் ஒன்று மாட்டுங்கள். பச்சை என்றால் அளவு சரி, நீலம் என்றால் போதவில்லை, மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஓரிரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மீன்கள் மேலே வந்தால் நிறத்துக்காகக் காத்திராமல் ஏர் பம்பைப் போடுங்கள்.