வாசகர் கேள்வி–பதில்: சிறு விமானத்துக்கு எந்த டிரான்ஸ்பாண்டர்?

கேள்வி: அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணியாற்றும் என் மகன், நண்பர்கள் இருவரோடு பங்கு சேர்ந்து 1970களில் தயாரான செஸ்னா 172 விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறான். அதிலுள்ள டிரான்ஸ்பாண்டர் (ரேடார் கேட்டால் பதில் அனுப்பும் ரேடியோ பெட்டி) நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது மட்டும் போதாது, வேறு கருவி பொருத்தியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறாராம். இது விதியா, வியாபாரமா?
(ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், தேவகோட்டை)

பதில்: விதிதான். பழைய பெட்டி, தரையிலுள்ள ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்டால் மட்டுமே, 1090 மெகாஹெர்ட்ஸில் தன் நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த ஏடிஎஸ்-பி விதியோ, யாரும் கேட்காமலேயே விமானம் தன் ஜிபிஎஸ் இருப்பிடத்தை ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்ப வேண்டும் என்கிறது. இது எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல், அதாவது சுமார் 55 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளும், பொதுவாக 10,000 அடிக்கு மேலும், இன்னும் சில வான்பகுதிகளிலும்தான் கட்டாயம். ஹூஸ்டனின் இன்டர்கான்டினென்டல் நிலையம் அந்தப் பட்டியலில் இருப்பதால், அந்த வட்டத்துக்குள் விமானத்தை நிறுத்தி வைத்திருப்பவர் தப்ப வழியில்லை. ஆகவே, எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்கு முன், எங்கிருந்து எங்கே பறக்கப் போகிறோம் என்பதைத் தங்கள் மகன் முடிவு செய்து கொள்வது நல்லது.

வழிகள் இரண்டு. முதலாவது, 1090 மெகாஹெர்ட்ஸிலேயே ஒலிபரப்பும் மோட்-எஸ் என்ற புதுவகை டிரான்ஸ்பாண்டர். இரண்டாவது, 978 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் யுஏடி என்ற தனி ஒலிபரப்புக் கருவி. இது பொதுவாக விலை குறைவு என்றாலும் 18,000 அடிக்குக் கீழே பறப்பதற்குத்தான் செல்லுபடியாகும். அமெரிக்காவுக்கு வெளியே விதியை நிறைவு செய்யாது. பழைய டிரான்ஸ்பாண்டரும் உடன் ஓடிக் கொண்டிருக்க வேண்டும். ஐம்பது வயதைத் தொடும் பெட்டியைக் கட்டிக் காப்பதைவிட, அதைக் கழற்றிவிட்டு மோட்-எஸ் ஒன்றே பொருத்துவதுதான் நான் சொல்லும் யோசனை.

பலர் கோட்டை விடுவது பெட்டியில் அல்ல, அதைச் சுற்றியுள்ளவற்றில். புது மோட்டார் வாங்கி அதைத் துருப்பிடித்த குழாயில் மாட்டுவது போல, சிக்னலைக் கொண்டு செல்லும் பழைய கோஆக்சியல் கேபிளையும் ஆண்டெனாவையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விமானத்தின் அடிவயிற்றில் விரல் நீளமே உள்ள அந்த ஆண்டெனாவைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் சேர்ந்தால், அதன் அடிப்பாகத்துக்கும் உலோகத் தோலுக்கும் இடையே மின்தொடர்பு கெடும், சிக்னல் தேயும். இது தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருப்பிடம் தரும் ஜிபிஎஸ் கருவியும் விதி கேட்கும் தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். கைப்பேசி ஜிபிஎஸ் செல்லாது. பொருத்திய பின் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவதோடு, 24 மாதத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பாண்டரை மறுசோதனை செய்வதும் கட்டாயம். பொருத்திவிட்டால், விதிவிலக்கான சில சூழல்கள் தவிர, பறக்கும்போது அதை அணைக்கக் கூடாது.

கேள்வி: விமானி ஆல்டிமீட்டரில் (காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் மானி) அழுத்தத்தைத் திருத்தினால், டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் உயரமும் மாறுமா?
(பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி)

பதில்: மாறாது. உயரத்தை அளந்து அனுப்பும் என்கோடர் 1013.25 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் என்ற ஒரே அளவுகோலில் நிலைத்திருக்கும். உள்ளூர் அழுத்தம் 1003 ஆக இருக்கும் ஒரு நாளில், ஆல்டிமீட்டர் 2,000 அடி காட்டும்போது பெட்டி சுமார் 2,300 அடி என்று அனுப்பும். தரையிலுள்ள கணினி உள்ளூர் அழுத்தத்தைக் கொண்டு அதைத் திருத்திக் கட்டுப்பாட்டாளரின் திரையில் காட்டும். இதைக் கோளாறு என்று எண்ணிப் பெட்டியைக் கழற்றியவர்களும் உண்டு. ஆல்டிமீட்டரை 1013.25க்குத் திருப்பிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப் போக வேண்டும். அமெரிக்க விதி அனுமதிக்கும் வேறுபாடு 125 அடி.

கேள்வி: 1996இல் டெல்லி அருகே இரண்டு விமானங்கள் மோதினவே, அவற்றில் இந்தக் கருவி இல்லையா?
(வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: இருந்தது, ஆச்சி, கீழே கேட்பதற்குத்தான் ஆளில்லை. நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரி மேலே சவூதி போயிங் 747உம் கஜகஸ்தானின் இல்யூஷின்-76உம் மோதி 349 பேர் இறந்தனர். அப்போது டெல்லியில் பயன்பட்ட ரேடார், டிரான்ஸ்பாண்டரிடம் எதையும் கேட்காமல் இருப்பிடத்தை மட்டும் காட்டும் முதன்மை ரேடார். உயரத்தை விமானி வாயால் சொன்னால்தான் உண்டு. கஜக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாமல் போனது அதனால்தான். அதன்பின் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கருவியும் எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரிடம் உயரத்தைக் கேட்டே 'ஏறு', 'இறங்கு' என்று சொல்கிறது. ஆகையால் சிறு விமானத்தின் பெட்டி உயரத்தை அனுப்பாவிட்டால், பெரிய விமானத்தின் கருவி அது பக்கத்தில் இருப்பதை மட்டுமே எச்சரிக்கும், விலகும் வழியைச் சொல்லாது.