ஒருவரின் கவனத்தையே நம்பியிருக்கும் மனம்: அதை மாற்ற எந்தப் பழக்கங்கள் உதவும்?

"எனக்கு மிக நெருங்கியவர் என்னைப் பொருட்படுத்துவதே இல்லை என்று எப்போதும் தோன்றுகிறது. ஆனாலும் அவரை விட்டு விலகியிருக்க முடியவில்லை. பதில் வரத் தாமதமானால் வேறு வேலையே ஓடுவதில்லை. இதிலிருந்து மீள எந்தப் பழக்கங்களை வளர்த்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் உங்கள் கணவரா, மனைவியா, நண்பரா என்று கேள்வியில் இல்லை. என் பதில் திருமணமான பெண்ணாக நான் வாழ்ந்து பார்த்ததிலிருந்து வருகிறது. ஆயினும் பெரும்பகுதி எல்லோருக்கும் பொருந்தும் என்றே நம்புகிறேன்.

இத்தகைய கேள்விக்கு வழக்கமாக இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். "உங்களை நீங்களே நேசியுங்கள்" என்பது ஒன்று. அதை எப்படிச் செய்வது என்று சொல்பவர்கள் குறைவு. "நீங்களும் கண்டுகொள்ளாமல் இருங்கள், தானாகத் தேடி வருவார்" என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது அறிவுரை கேடு செய்யக்கூடியது என்பது என் உறுதியான கருத்து. தேடி வருகிறாரா இல்லையா என்று பார்ப்பதற்காகவே வாய் மூடியிருப்பவர், பேசிக்கொண்டிருந்த நாட்களைவிட அதிகமாக அவரையே நினைத்துக்கொண்டிருப்பார். மௌனம் அங்கே விலகலாக இருப்பதில்லை. பற்றுதல்தான் வேறு உருவில் தொடர்கிறது.

திருமணத்துக்கு முன் நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். காலையில் பேருந்தில் ஏறினால் வழக்கமாக வரும் நடத்துநர், "டீச்சர், இன்னைக்குப் பரீட்சையா?" என்று கேட்பார். ஓய்வறையில் சக ஆசிரியைகள் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புளியோதரையில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். மாலையில் அம்மாவும் தங்கையும் வீட்டில் இருந்தார்கள். திருமணமாகித் திருச்சிப் புறநகரில் புதிதாக உருவான ஒரு குடியிருப்புக்கு வந்த பிறகு, இத்தனை பேரும் ஒரே வாரத்தில் என் அன்றாடத்திலிருந்து நீங்கிப்போனார்கள். மிஞ்சியவர் என் கணவர் ஒருவரே. அவருக்கோ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவர் தூங்கும்போது, நாள் முழுவதும் பேச ஆளில்லாமல் காத்திருந்த என் மனத்துக்கு அந்தத் தூக்கமே என்னை ஒதுக்குவதாகப் பட்டது. முன்பு பத்துப் பேரிடமிருந்து சிறுகச் சிறுகக் கிடைத்துவந்த அங்கீகாரம் முழுவதையும் தான் ஒருவரே தர வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியவும் இல்லை, தெரிந்திருந்தாலும் அவரால் முடிந்திருக்காது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒருவரை விடாமல் பற்றிக்கொள்வதைப் பிறவிக் குணம் என்றும் பலவீனம் என்றும் நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரங்களில் அது சூழ்நிலை உருவாக்கிய நிலை. வேலை, ஊர், தோழமை எல்லாம் ஒருசேரப் பிடுங்கப்பட்டால் எவருடைய கையும் எஞ்சியிருக்கும் ஒன்றைத்தான் இறுகப் பிடிக்கும். ஆகவே முதலில் உங்களைத் திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டு, ஒரு நாளில் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்து, நீங்கள் செய்த ஏதோ ஒன்றைக் கவனித்து, உங்களிடம் இரண்டு சொல் பேசுபவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால், உங்கள் முதல் வேலை அந்த ஒருவரை மாற்றுவதாக இருக்கக் கூடாது. தாளில் பெயர்களைக் கூட்டுவதாகவே இருக்க வேண்டும்.

என் விஷயத்தில் அது இல்லம் தேடிக் கல்வியின் வழியாக வந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 இல் தொடங்கிய திட்டம் அது. தன்னார்வலர்கள் தங்கள் தெருவுக்கு அருகிலேயே மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ பாடம் சொல்லித் தர வேண்டியிருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் நடத்தினேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வரவே வராது. 52 இலிருந்து 37 ஐக் கழிக்கச் சொன்னால், 7 இலிருந்து 2 ஐ எடுத்துவிட்டு 25 என்று எழுதிவிடுவாள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டிய அன்று, "அக்கா, கட்டை அவுத்துட்டா போதுமா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் தானே இரண்டு சிறுவர்களை உட்காரவைத்து அதே குச்சிகளால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாலையில் என் மதிப்பைப் பற்றிய எண்ணமே எனக்கு எழவில்லை. மதிக்கப்படுகிறோமா என்ற கேள்விக்கு விடை தேடி அலைவதைவிட, அந்தக் கேள்வியே எழாத ஒரு மணி நேரத்தை அன்றாடம் உண்டாக்கிக்கொள்வது பெரிய நிம்மதி.

உங்களுக்கு அது தையல் வகுப்பாகவோ, மாவட்ட மைய நூலகமாகவோ, மாலையில் கைப்பந்து ஆடும் மைதானமாகவோ, கோயிலில் திருவாசகம் முற்றோதும் குழுவாகவோ இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அதில் மூன்று தன்மைகள் இருக்க வேண்டும்: குறித்த நேரத்தில் மற்றவர்களோடு கூடிச் செய்வதாக இருக்க வேண்டும், நீங்கள் வராவிட்டால் யாரேனும் ஒருவர் கவனிக்கும்படி இருக்க வேண்டும், உங்கள் நெருங்கியவர் அதில் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைத் தயவுசெய்து தளர்த்தாதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போனால், அங்கேயும் உங்கள் கண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது செல்பேசி. வாட்ஸ்அப்பில் 2014 இல் வந்த நீல டிக், அதற்கு முன்பு இல்லாத ஒரு வேதனையை நமக்குக் கொண்டுவந்தது. கடிதம் எழுதிய காலத்தில் அது படிக்கப்பட்டதா என்பது நமக்குத் தெரியாது. இப்போது படித்த பிறகும் பதில் வராத ஒவ்வொரு நிமிடமும் கண்முன் நிற்கிறது. பெயருக்குக் கீழே "டைப்பிங்" என்று தோன்றி மறைந்துவிட்டால் அடுத்த அரை மணி நேரம் வீணாகிறது. இதற்கு உளவியலில் பழைய விளக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடுகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே மட்டும் தீனி கிடைத்துப் பழகிய புறாவோ, அது நின்ற பிறகும் நெடுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. சில நாட்கள் உருகிப் பேசிவிட்டுச் சில நாட்கள் திரும்பிப் பாராதவரிடம் நாம் கூடுதலாகக் கட்டுண்டு கிடப்பதற்கும் இதுவே ஒரு காரணம். உங்கள் அறிவில் குறை எதுவும் இல்லை. முறையில்லாமல் கிடைக்கும் அன்பு எந்த உயிரையும் அப்படித்தான் காத்திருக்க வைக்கும்.

எனவே வாட்ஸ்அப் அமைப்புகளில் நீல டிக், கடைசியாக வந்த நேரம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் மறைத்தால் பிறருடையதும் உங்களுக்குத் தெரியாது என்பதே அதன் பயன். இரண்டாவது செய்தி அனுப்பக் கை பரபரக்கும்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். "இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவில் எடுக்கப்படும் தீர்மானங்கள், "இனி நான் மாறுவேன்" என்ற பொதுவான தீர்மானங்களைவிட நன்றாக நிலைக்கின்றன என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து ஆய்ந்து காட்டியிருக்கிறார். என் தீர்மானம் எளியது: மீண்டும் செய்தி அனுப்பத் தோன்றினால், அதை அப்படியே சமையலறையில் உள்ள கணக்கு நோட்டில் எழுதுவேன், பாத்திரங்களைத் தேய்த்து முடித்த பிறகு படித்துப் பார்ப்பேன், அப்போதும் சொல்ல வேண்டியதாக இருந்தால் மட்டும் அனுப்புவேன். பால் கணக்குக்கும் காஸ் சிலிண்டர் தேதிக்கும் நடுவே, "உங்களுக்கு என் ஞாபகமே இல்லையா?" என்ற வரியைத் திரும்பப் படிக்கும்போது, அதில் உள்ள கேள்வி அவருக்கானது அன்று என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதே நோட்டில் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்புறம் நடந்ததையும் வலப்புறம் அதற்கு மனம் கொடுத்த பொருளையும் எழுதுவது மிகுந்த உதவியாக இருக்கும். "மாலையில் செய்தி அனுப்பினேன், இரவுவரை பதில் இல்லை" என்பது நடந்தது. "நான் அவருக்கு வேண்டாதவளாகிவிட்டேன்" என்பது மனம் சேர்த்தது. எண்ணங்களை ஆராய்ந்து திருத்தப் பழக்கும் சிந்தனைமுறைச் சிகிச்சையில் (CBT) இத்தகைய பயிற்சியைச் செய்யச் சொல்வார்கள். வலப்புற வரிகளைச் சில வாரங்களுக்குப் பிறகு தொகுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒன்றிரண்டு வாக்கியங்களே வருவதைக் காண்பீர்கள். அவற்றில் சில, இப்போதைய நெருங்கியவரைச் சந்திப்பதற்கு வெகு முன்பே, "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று கேட்டு வளர்ந்த காலத்திலேயே உருவானவையாக இருக்கும்.

சிறுவயதைத் திரும்பிப் பார்ப்பது பழி போடுவதற்காக அன்று. குழந்தை தன் தாயோடு கொள்ளும் பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பி, மேரி எயின்ஸ்வொர்த் ஆகியோரின் ஆய்வுவழி தெரிவது இது: கூப்பிட்ட குரலுக்கு ஒருநாள் ஓடிவந்தும் ஒருநாள் கவனிக்காமலும் இருக்கும் பராமரிப்பில் வளரும் குழந்தை, தாய் அருகிலிருக்கும்போதும் நிம்மதியில்லாமல் அவளையே பற்றிக்கொண்டிருக்கக்கூடும். 1987 இல் ஹஸான், ஷேவர் என்ற இருவர், பெரியவர்களின் காதல் உறவுகளிலும் இதே சாயல்கள் இருப்பதைக் காட்டினார்கள். நிலையான, நம்பகமான உறவுகள் வாய்க்கும்போது இந்தச் சாயல் மாறவும் செய்கிறது என்பதே இதில் நமக்கு வேண்டிய செய்தி.

நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பழக்கம், நேராகக் கேட்பது. நம் வீடுகளில் இது அரிது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம், "ஒண்ணும் இல்ல" என்போம், அவராகக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்போம். கண்டுபிடிக்காவிட்டால் மதிப்பில்லை என்று தீர்ப்பெழுதுவோம். அதற்குப் பதிலாக, மனம் நொந்து கசந்த பிறகு பேசாமல், அமைதியாக இருக்கும்போதே, "இன்னைக்கு வந்ததும் அரை மணி நேரம் போனை வெச்சுட்டு எங்கூட உக்காந்து பேசுங்க" என்று தெளிவாகக் கேளுங்கள். செய்யக்கூடிய அளவில், நேரத்தோடு கேளுங்கள். "என்மேல் அக்கறை காட்டுங்கள்" என்று கேட்டால் எதைச் செய்வது என்று அவருக்குப் புரியாது. அவர் காட்டும் அக்கறை வேறு வடிவத்தில் வந்துகொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். "சாப்பிட்டியா?" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அது உங்களுக்குப் போதாது என்றால் போதாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அது ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, நடைப்பயிற்சி ஆகியவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இரவு சரியாகத் தூங்காத மறுநாள் இந்தத் தவிப்பு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இவை எவ்வளவு காலத்தில் பழக்கமாகும் என்று நீங்கள் கேட்கக்கூடும். 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2010 இல் வெளியான ஆய்வில், ஒரு சிறு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுவளவாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள்வரை மாறுபட்டது. ஒருநாள் விட்டுப்போனதால் முன்னேற்றம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஓர் இரவில் அடுத்தடுத்துச் செய்திகளை அனுப்பிவிட்டால், எல்லாம் போயிற்று என்று நோட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் உணர்வு உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் உங்களை மதித்தும் அதை வெளிக்காட்டத் தெரியாதவரோடு வாழ்பவர்களுக்கே போதுமானவை. நேராகவும் பணிவாகவும் பலமுறை கேட்ட பிறகும் ஒருவர் ஏளனம் செய்கிறார், பிறர் முன்னிலையில் இழிவுபடுத்துகிறார், உங்கள் பணத்தையோ பிறந்த வீட்டுத் தொடர்பையோ தடுக்கிறார், கை நீட்டுகிறார் என்றால், அங்கே மாற்ற வேண்டியது உங்கள் பழக்கம் அன்று. பெண்களுக்கான 181 உதவி எண் அதற்காகவே இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல், தவிப்பு மட்டும் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் வேலையும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருமானால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தயங்க வேண்டாம். இங்கே எங்களிடம் கேட்ட அதே கேள்வியை அவர்களிடம் அப்படியே படித்துக் காட்டினாலும் போதும், மேற்கொண்டு என்ன பேச வேண்டும் என்பதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.