உபுண்டுல வால்பேப்பர் தானா மாற மாட்டேங்குதா?

கேள்வி இதுதான்: "உபுண்டு 24.04 போட்டிருக்கேன். குடும்ப போட்டோ ஒரு 300 இருக்கு, அது வால்பேப்பரா அரைமணி நேரத்துக்கு ஒண்ணு மாறணும். செட்டிங்ஸ்ல ஒரே ஒரு படம்தான் செலக்ட் பண்ண முடியுது. ஒரு குட்டி ஸ்க்ரிப்ட் எழுதி கிரான்ல (சொன்ன நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டற வசதி) போட்டேன், கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல போட்டா ஒண்ணும் நடக்கல. மாறுற படத்துலயும் ஆளோட தலை வெட்டுப்படுது. என்ன பண்ணலாம்?"

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், லினக்ஸ்ல வால்பேப்பர் மாத்தறது லினக்ஸோட வேலையே இல்ல, உங்க டெஸ்க்டாப்போட வேலை, அதாவது ஸ்க்ரீன்ல நீங்க பாக்கற மெனு, ஜன்னல் எல்லாத்தையும் காட்டற சாஃப்ட்வேரோட வேலை. லினக்ஸ்ல அது பல வகை இருக்கு. அதனால பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன வழி உங்களுக்கு ஒத்துவராம போறதுல ஆச்சரியமே இல்ல. கேடிஇ பிளாஸ்மாவா இருந்தா டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி வால்பேப்பர் டைப்னு இருக்கற இடத்துல ஸ்லைட்ஷோ எடுத்து, ஃபோல்டரைக் காட்டி, மணி நிமிஷம் செகண்டு வரைக்கும் போட்டுக்கலாம், முடிஞ்சுது. சின்னமன்லயும் எக்ஸ்எஃப்சிஇலயும் பேக்கிரவுண்ட் செட்டிங்ஸ்லயே இதுக்கு டிக் பாக்ஸ் இருக்கு. உங்க உபுண்டுல இருக்கறது க்னோம். அதுலதான் இதுக்கு பட்டனே வைக்கல.

ஆனா பட்டன் இல்லைன்னா வசதி இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க. க்னோமுக்கு படத்துக்குப் பதிலா ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலையே, அதாவது படங்களோட பட்டியல் எழுதின ஒரு டெக்ஸ்ட் ஃபைலையே, வால்பேப்பரா குடுக்கலாம், இது பழைய காலத்துல இருந்தே இருக்கற வசதி. அந்த ஃபைலுக்குள்ள முதல்ல ஒரு ஸ்டார்ட் டைம், அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்டாட்டிக் பகுதி, அதுல படத்தோட முழு பாத்தும் (எந்த ஃபோல்டர்ல இருக்குங்கற முகவரி) அது எத்தனை செகண்டு நிக்கணும்னும் இருக்கும், ரெண்டு படத்துக்கு நடுவுல டிரான்சிஷன்னு ஒண்ணு. அரைமணி நேரம்னா 1795 செகண்டு படம் நிக்கும், 5 செகண்டு ஒண்ணு மங்கி இன்னொண்ணு வரும், மொத்தம் 1800. திடீர்னு மாறாம மெதுவா கரைஞ்சு மாறறதுதான் இந்த வழியோட அழகு.

இதுல பல பேர் கவனிக்காத ஒரு சமாச்சாரம் இருக்கு. க்னோம் "அடுத்த படம் எது"ன்னு எங்கயும் எழுதி வச்சுக்கறது இல்ல. ஸ்டார்ட் டைம்ல இருந்து இப்ப வரைக்கும் எவ்வளவு நேரம் ஓடியிருக்குன்னு கடிகாரத்தைப் பார்த்து கணக்குப் போட்டு அந்த இடத்துல எந்தப் படம் வருதோ அதைக் காட்டும். அதனால கம்ப்யூட்டர் ஆஃப் ஆகி இருந்தாலும் வரிசை பாட்டுக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கும். உங்க 300 படத்துக்கு ஒரு சுத்து 150 மணி நேரம், ஆறு நாளுக்கு மேல, அதுல நீங்க தூங்கற நேரத்துல வர்றதெல்லாம் அந்தச் சுத்துல உங்க கண்ணுல படாது. இதே கணக்கை நல்லதுக்கும் பயன்படுத்தலாம், மொத்தம் 86,400 செகண்டு வர்ற மாதிரி போட்டு ஸ்டார்ட் டைமை நள்ளிரவுன்னு வச்சா காலைல காலைப் படம், ராத்திரி ராத்திரிப் படம் தினமும் சரியா வரும்.

300 படத்துக்கு இதைக் கையால எழுதறதா, வேண்டாம் சாமி. நான் ஒரு தடவை எழுதி, ரெண்டு வாரம் கழிச்சு ஃபோல்டர் பேரை மாத்திட்டு, வால்பேப்பர் ஏன் போச்சுன்னு ஒரு சாயங்காலம் பூரா தேடினேன். ஷாட்வெல்னு போட்டோ சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போட்டோக்களை இம்போர்ட் பண்ணி, வேணுங்கறதை மொத்தமா செலக்ட் பண்ணி, ஃபைல் மெனுல டெஸ்க்டாப் ஸ்லைட்ஷோவா செட் பண்ணுங்கற ஆப்ஷனைக் குடுத்தா அதுவே அந்த எக்ஸ்எம்எல்லை எழுதிடும். புதுசா போட்டோ சேர்த்தா மட்டும் மறுபடி ஒரு தடவை செட் பண்ணணும்.

இப்ப உங்க கிரான் விஷயம். ஸ்க்ரிப்ட்ல தப்பு இருக்காது, டெர்மினல்ல ஓடுதே. க்னோம் செட்டிங்ஸை மாத்தற ஜிசெட்டிங்ஸ் கமாண்ட், உங்க லாகின் செஷனோட டி-பஸ் (புரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற பாதை) வழியாத்தான் பேசும், கிரான் அந்த செஷனுக்கு வெளியில நின்னு ஓடுது, பஸ்ஸோட அட்ரஸ் அதுக்குத் தெரியாது. வெளில இருந்து கூப்பிட்டா உள்ள காது கேக்காத கதைதான். அந்த அட்ரஸை ஸ்க்ரிப்ட்லயே எழுதிக் குடுக்கலாம், ஆனா நான் சொல்றது கிரானை விட்டுட்டு சிஸ்டம்டி யூசர் டைமர் போடுங்க, இதுவும் நேரத்துக்கு வேலையை ஓட்டற வசதிதான், அது உங்க செஷனோட சூழல்லயே ஓடும், இந்தத் தலைவலியே இல்ல.

அதை சரி பண்ணினப்புறமும் படம் மாறலைன்னா, நீங்க டார்க் மோடுல இருக்கீங்களான்னு பாருங்க. க்னோம் 42, அதாவது 2022ல இருந்து, டார்க் மோடுக்குத் தனியா ஒரு வால்பேப்பர் கீ (செட்டிங்கோட பேர்) வந்துடுச்சு. பழைய ஸ்க்ரிப்டெல்லாம் பிக்சர் யூஆர்ஐங்கற கீயை மட்டும்தான் மாத்தும், டார்க்ல காட்டறது பிக்சர் யூஆர்ஐ டார்க்குங்கற கீ. மாத்தினது மாறியிருக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. ஷாட்வெல் செட் பண்ணியும் வரலைன்னாலும் முதல்ல லைட் மோடுக்குப் போய் பாத்துடுங்க.

தலை வெட்டுப்படறதுக்குக் காரணம், போன்ல நெட்டுக்குத்தா எடுத்த போட்டோவை அகலமான ஸ்க்ரீன் பூரா நிரப்பப் பாக்கறது, அப்ப மேலயும் கீழயும் போய்த்தான் ஆகணும். க்னோம் ட்வீக்ஸ்னு கூடுதல் செட்டிங்ஸ் காட்டற ஆப் இருக்கு, அதைப் போட்டு பேக்கிரவுண்ட்ல அட்ஜஸ்ட்மென்ட்டை ஜூம்ல இருந்து ஸ்கேல்டுக்கு மாத்துங்க, படம் முழுசா தெரியும், ரெண்டு பக்கமும் பட்டையா வெறும் கலர் நிக்கும். எனக்கு அது பிடிக்காது, நெட்டுக்குத்து போட்டோவை வால்பேப்பர் ஃபோல்டர்ல இருந்தே எடுத்துடுவேன்.

ஸ்க்ரிப்ட், எக்ஸ்எம்எல் எதுவுமே வேண்டாம்னா வெரைட்டினு ஒரு ஆப் இருக்கு, உபுண்டுவோட சொந்த சாஃப்ட்வேர் கிடங்கான ரெப்போவுலயே கிடைக்கும். ஃபோல்டரைக் காட்டி 30 நிமிஷம்னு போட்டா வரிசை இல்லாம கலைச்சுக் கலைச்சு மாத்தும். கலர் அண்ட் சைஸ் பகுதியில அகலவாக்கு படம் மட்டும் எடுன்னு ஒரு டிக் இருக்கு, அதோட தலை பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துடும். இன்டர்நெட்ல இருந்து படம் எடுக்கற சோர்ஸ் எதாவது டிக் ஆகி இருந்தா மட்டும் எடுத்து விட்டுடுங்க, இல்லைன்னா உங்க பாட்டி போட்டோவுக்கு அடுத்து யாரோட மலையோ வந்து நிக்கும். உங்க நிலைமைல நானா இருந்தா இதைப் போட்டுட்டு அந்த கிரான் வரியை முதல்ல அழிச்சிடுவேன், ரெண்டும் சேர்ந்து ஓடினா எது மாத்துதுன்னே தெரியாது.